மசினகுடிக்கு 42,000 ரூபாய் பேக்கேஜா? அட்வான்ஸ் போடாமல் கொஞ்சம் பொறுங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மே விடுமுறையில் கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள மாமியார் என்று ஐந்து பேராக நீலகிரி மாவட்டம் மசினகுடியில் ஒரு காட்டு ரிசார்ட்டில் மூன்று இரவு தங்க வேண்டும். தெரிந்தவர் சொல்லி வந்த ஏஜென்ட் ஒருவர் காட்டேஜ், சாப்பாடு, "ஜங்கிள் சஃபாரி" எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய், வரி தனி என்கிறாராம். பாதியை இன்றைக்கே ஜிபேயில் போடச் சொல்கிறாராம். செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த ஏஜென்டிடம் பேரம் பேசாதீர்கள். இங்கே 2,000 குறைத்தால் அங்கே கேம்ப் ஃபயர் என்றும் டிரைவர் பேட்டா என்றும் ஏற்றிவிடுவார். இரண்டே கேள்வி போதும்: ரிசார்ட்டின் பெயர் என்ன, அறை வாடகை மட்டும் எவ்வளவு. பெயரைச் சொல்லத் தயங்கினால் அவரை அத்தோடு விட்டுவிடுங்கள். சொன்னால், அந்த ரிசார்ட்டுக்கு நீங்களே போன் செய்து அதே தேதிக்கு விலை கேளுங்கள். புக்கிங் ஆப்பில் என்ன விலை காட்டுகிறது என்பதையும் சொல்லுங்கள். ஆப்புக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சம் என்பதால் சின்ன ரிசார்ட்காரர்கள் நேரடியாக வருபவர்களுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ஞாயிறு முதல் வியாழனுக்குள் போனால் இன்னும் குறையும். 6 வயதுப் பிள்ளைக்குக் காசு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இப்போது வரி. யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். கணக்கு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி. 8,000 ரூபாய் காட்டேஜ் ஒன்று எடுத்தால் வரி 1,440. அதே 8,000-க்கு இரண்டு அறையாக எடுத்தால் வரி 400. மூன்று இரவில் 3,120 ரூபாய் வித்தியாசம், மாமியாருக்கும் தனி அறை, தனி பாத்ரூம். தரைத்தளமாகக் கேளுங்கள். அப்புறம், சாப்பாட்டையும் அறையையும் ஒரே தொகையாகப் போட்டு அந்த மொத்தத்துக்கும் 18 சதவீதம் போடுகிற பில்லையும் பார்த்திருக்கிறேன், அதனால் அறை வாடகையைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். தனிநபர் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள், ரிசார்ட் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள், ரசீதும் வாங்குங்கள். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் பலவற்றை 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பும் வந்துவிட்டது. இருந்தும் ஒரு இடத்தின் போட்டோவைக் காட்டி வேறு இடத்தில் கொண்டுபோய்த் தள்ளுவது இன்றும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருட்டின பிறகு, மசினகுடி ரோடு பிரியும் தெப்பக்காடு சந்திப்பில் காரில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தது. வவுச்சரில் இருந்த ரிசார்ட் அவர்கள் பெயரையே கேள்விப்படவில்லை, ஏஜென்ட் போனை எடுக்கவில்லை, பின்சீட்டில் குழந்தை பசியில் அழுவது எனக்கே கேட்டது. உங்களுக்கு அப்படி எதுவும் நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், ஆனால் ரசீது இல்லாமல் எதை வைத்துப் புகார் செய்வீர்கள்?

"ஜங்கிள் சஃபாரி"யைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் கூட்டிப்போவது தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வண்டிதான். தனியார் ஜீப்புகள் பெரும்பாலும் மாயார், வாழைத்தோட்டம் பக்கம் பொது ரோட்டில்தான் சுற்றுகின்றன, அதே ரோட்டில் உங்கள் காரிலேயே போகலாம், நடுவில் இறங்காமல் இருந்தால் சரி. இரவு சஃபாரி என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள், அது சட்டவிரோதம், பிடிபட்டால் வண்டியில் இருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிப்போங்கள். ராகிக் களியும் கொள்ளும் சாதமும் வெல்லமும் பிசைந்து செங்கல் அளவுக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். பாகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கும், அவர் கையை உள்ளே விட்டு நாக்கின் மேல் வைப்பார். டிக்கெட் ஜீப் வாடகையில் சிறு பங்குகூட வராது.

வனத்துறை ஓய்வு விடுதிகளும் தெப்பக்காடு பக்கம் உண்டு. காப்பகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள், அதே மாதிரி பெயர் வைத்த தனியார் தளங்களும் இருக்கின்றன. எனக்கு ஆத்திரமே இதில்தான். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸுக்கு ஒரு தளம், அறைக்கு இன்னொரு தளம், இன்றைக்கு சஃபாரி உண்டா, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அரசாங்கம் ஒரு பக்கத்தில் போட வேண்டிய தகவலைத்தான் ஏஜென்ட் காசுக்கு விற்கிறார். 2024 மே 7 முதல் அமலில் இருக்கும் அந்த இ-பாஸ் முழுக்க இலவசம், அதற்கே 200, 300 என்று வாங்குகிறார்கள். நீங்களே போனில் எடுத்துவிடலாம்.

கடைசியாக ரோடு. "ஊட்டியிலிருந்து 30 கிலோமீட்டர்தான்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப்பாதைக் கணக்கு. 2018-ல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு அந்த வழியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, டிஎன் 43 என்ற உள்ளூர்ப் பதிவெண் இருந்தால்தான் விடுவார்கள். திருப்பூர் வண்டி கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், ஏறக்குறைய இரட்டிப்புத் தூரம். ஆனால் இந்தத் தடை இறங்குவதற்குத்தான், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுவதற்கு இல்லை. அதனால் போகும்போது கூடலூர், திரும்பும்போது கல்லட்டி என்று வைத்துக்கொண்டால் டீசல் மிச்சம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிய சின்னக் கார் என்றால் முதல் கியரில் திணறும், இன்ஜின் சூடாகும், அப்போது மிச்சம் பார்க்காமல் வந்த வழியே போங்கள். மலை ரோட்டில் பழகாதவர் ஓட்டினாலும் அப்படியே. ஊர் திரும்பும் அன்று காலை மசினகுடி செக்போஸ்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மழையோ மண்சரிவோ என்றால் அந்த ரோட்டை மூடிவிடுவார்கள். முதுமலை ரோட்டை இரவு 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள், அதனால் போகிற அன்று இருட்டுவதற்கு முன்பே ரிசார்ட்டுக்குள் இருக்கிற மாதிரி திருப்பூரில் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அபராதம் போடுகிறார்கள்.