மனித உரிமையும் உடல்நல ஏற்றத்தாழ்வும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மனித உரிமைகளையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் படிப்பில் கடைசி ஆண்டில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆரோக்கியம் ஒரு உரிமை என்கிறீர்கள். நோயே வராது என்று எந்த அரசால் உறுதி கொடுக்க முடியும்?

யாராலும் முடியாது, சட்டமும் அதைக் கேட்கவில்லை. 1966-ல் ஐ.நா. ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு, எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலத்துக்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அதற்கு என்ன பொருள் என்று 2000-ல் ஐ.நா. குழு ஒன்று விரிவாக விளக்கியது. சிகிச்சை இருக்க வேண்டும். தூரமோ, செலவோ, பாகுபாடோ அதைத் தடுக்கக் கூடாது. நோயாளியின் பண்பாட்டை மதிக்க வேண்டும், தரமும் இருக்க வேண்டும். பணம் இல்லாத அரசு சிலவற்றைப் படிப்படியாகச் செய்யலாம். ஆனால் பாகுபாடு காட்டாமல் இருப்பதற்குத் தவணை கிடையாது, முதல் நாளிலிருந்தே கடமை. என்னை இந்தப் படிப்புக்குள் இழுத்ததே இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: ஏழைகளுக்கு நோய் அதிகம் வருகிறது. காரணம் பணம் இல்லாதது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

நானும் இந்தக் கேள்வியோடுதான் வகுப்புக்குப் போனேன். பிரிட்டனில் 1967-ல் ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. லண்டனில் வேலை பார்த்த ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை இருந்தது, தேசிய சுகாதாரச் சேவையில் சிகிச்சையும் கிடைத்தது. அப்படியும் இதய நோயால் இறப்பது கடைநிலை ஊழியர்களிடையே உயர் அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம். சரி, புகைபிடிப்பதுதான் காரணமோ? புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காக நின்றது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று அது இருக்கவில்லை. படிக்கட்டுபோல இருந்தது. உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்கள்கூட உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள். அவர்கள் ஏழைகள் இல்லையே! 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையை ஒருவர் எவ்வளவு தூரம் தானே முடிவுசெய்ய முடிகிறது என்பதையும் பார்த்தது. மேலிருந்து வரும் உத்தரவுக்கு நாள் முழுக்கக் கட்டுப்பட்டு, சொந்தமாக எதையும் முடிவுசெய்ய முடியாத வேலை இதயத்தைப் பாதிக்கிறது. ஆகவே மருத்துவமனை கட்டுவதோடு அரசின் பொறுப்பு முடிகிறது என்று இப்போது என்னால் ஏற்க முடிவதில்லை. வேலை நேரம், கூலி, வீடு, பள்ளிக்கூடம் எல்லாமே சுகாதாரத் துறையின் கவலைதான்.

கேள்வி: அக்கா, நான் மருத்துவம் படிக்கிறேன். மனிதர்கள் பாகுபாடு பார்க்கலாம், கருவி பார்க்காதே?

பார்க்கும் தம்பி. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள். அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனைக் கணிக்கிறது. கறுத்த தோலில் அந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி சரி என்று காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. கொரோனா காலத்தில் யாருக்கு ஆக்சிஜன் என்பதை அந்த எண்ணை வைத்துத்தானே முடிவுசெய்தார்கள்? கருவியை யார் உடலில் சோதித்துத் தயாரித்தார்கள் என்று கேட்பதும் மருத்துவரின் வேலை.

கேள்வி: வழக்குப் போட்டு யாருக்காவது மருந்து கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்கும் நெவிரபின் மருந்தைத் தென்னாப்பிரிக்க அரசு சில சோதனை மையங்களில் மட்டுமே கொடுத்து வந்தது. சிகிச்சைச் செயல் இயக்கம் என்ற அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்று 2002-ல் அரசமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் ஒன்று: தீர்ப்புக்கு முன்பே மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். வழக்கை மட்டும் படித்துவிட்டு அந்தப் போராட்டத்தை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

கேள்வி: கணக்கு வராதவர்கள் இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். நாட்டின் சராசரி ஆயுள் ஏறும்போதே ஒரு பிரிவினரின் ஆயுள் குறையலாம். எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

கேள்வி: இவ்வளவு அநியாயத்தைப் படித்தால் மனம் சோர்ந்துவிடாதா?

அமெரிக்காவில் நடந்த டஸ்கீகி ஆய்வு பற்றிப் படித்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சையின்றி விட்டுவைத்தது. 1940-களிலேயே பென்சிலின் வந்துவிட்டது, அதையும் கொடுக்கவில்லை. சோர்வைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம் வந்தது. அந்த அநியாயம் அம்பலமான பிறகுதான் அங்கே ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் பற்றிய விதிகள் இறுகின. தனியாக உட்கார்ந்து படிக்காமல், நண்பர்களோடு பேசிக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சொன்ன 12-வது பிரிவிலிருந்து. ஒரு பக்கம்கூட வராது. அடுத்து 2000-ஆம் ஆண்டு விளக்கத்தைப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் புரியும்படி எழுதியிருக்கிறார்கள்.