மற்ற நான்கு பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கெய்ட்லின் கிளார்க் ஆடிய காலத்து அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருத்தி பந்தை வைத்திருக்கிறாள், மற்ற நான்கு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவளை அடக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இதை அணி என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தே இப்படி ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது.

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். அங்கேயும் ஒரு பெண் மிக நன்றாக ஆடுவாள். "பந்து கிடைத்ததும் அவளிடம் கொடு" என்பதுதான் மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே வேலை. போன வாரம் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் எதுக்கு அங்க நிக்கிறேன்னே தெரியல" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் அயோவா.

நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2024 பிப்ரவரியில் பென் ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டத்தில் அயோவாவின் ஹன்னா ஸ்டுவெல்கி 47 புள்ளி எடுத்தார். கிளார்க் அன்று கொடுத்த அசிஸ்ட் (மற்றவர் கூடை போடும்படி கொடுக்கும் பந்து) மட்டும் 15. எதிரணியில் இரண்டு பேர் கிளார்க்கை நோக்கி ஓடிவர, பின்னால் திறந்துகிடந்த இடத்தில் ஸ்டுவெல்கி ஓடிக்கொண்டே இருந்தார், பந்தும் வந்துகொண்டே இருந்தது. அந்த சீசனில் கிளார்க்கின் சராசரி ஆட்டத்துக்கு 31.6 புள்ளி என்பதை எல்லோரும் சொல்வார்கள். கூடவே ஏறக்குறைய 9 அசிஸ்ட் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தானே போட்டது ஒரு பக்கம், மற்றவர்களைப் போடவைத்தது இன்னொரு பக்கம்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு உண்மை இருக்கிறது, நீங்கள் சுட்டிய இடத்தில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஸ்டுவெல்கி போட்ட கூடைகளிலும் பெரும்பாலானவை கிளார்க் எடுத்த முடிவுகள். எப்போது, யாருக்கு, எந்தப் பக்கம் என்பதை ஒருவரே நான்கு வருடம் முடிவு செய்துகொண்டிருந்தால், மற்றவர்களுக்கு ஓடுவது, ஸ்கிரீன் வைப்பது (எதிராளியின் வழியை உடம்பால் மறித்து நிற்பது), வந்த பந்தைப் போடுவது எல்லாம் அருமையாக வரும். தானாக முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் வராது. நட்சத்திரத்தை நம்பியிருக்கிற அணி என்று நான் சொல்வது இதைத்தான். யார் எத்தனை புள்ளி என்கிற கணக்கில் இது முழுசாகத் தெரியாது.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாந்தில் தேசிய இறுதிப்போட்டி. எதிரே டான் ஸ்டேலி பயிற்சி கொடுத்த சவுத் கரோலைனா, அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. அயோவா 10-0 என்று ஆரம்பித்தது. முதல் குவார்ட்டரில் மட்டும் கிளார்க் 18 புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஆட்டம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் வந்த மூன்று குவார்ட்டரிலும் சேர்த்து அவர் எடுத்தது 12. சவுத் கரோலைனாவின் ரேவன் ஜான்சன் அவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார், பந்து கையில் இல்லாதபோதும் விடவில்லை. மூன்று புள்ளி ஷாட் கையில் ஆரம்பிப்பதில்லை, காலில் ஆரம்பிக்கிறது. கால் ஓய்ந்துவிட்டால் குறி சரியாக இருந்தாலும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு முறையும் ஒருத்தரை உதறிவிட்டுத்தான் பந்தையே வாங்க முடியும் என்றால் எந்தக் காலும் ஓயும்.

ஆட்டம் 87-75 என்று முடிந்தது. எனக்கு அதைவிட மறக்காத எண் வேறு: பெஞ்சிலிருந்து மாற்று ஆட்களாக வந்தவர்கள் எடுத்த புள்ளிகள் சவுத் கரோலைனாவுக்கு 37, அயோவாவுக்கு பூஜ்யம். முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 19 புள்ளி எடுத்தார். அது அன்றைக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை, அந்த சீசன் முழுக்க அவரை ஆடவிட்டிருந்தார்கள். தவறவிட்டால் மறுபடி அனுப்பினார்கள். அதனால் இறுதிப்போட்டியில் பந்து வந்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பயிற்சியாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பெரிய வீரர்கள் பெரும்பாலும் ஒரே வருடத்தில் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய்விடுகிறார்கள். பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் விதி வேறு. அமெரிக்கக் கல்லூரி வீராங்கனை என்றால் டிராஃப்ட் (லீக் அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுப்பது) நடக்கும் வருடத்தில் 22 வயது ஆக வேண்டும், இல்லையென்றால் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆகவே ஒரு மகா திறமைசாலி கிடைத்தால் மூன்று நான்கு வருடம் கையில் இருப்பார். அவரைச் சுற்றியே எல்லாவற்றையும் கட்டினால் அவ்வளவு காலமும் ஜெயிக்கலாம், எந்தக் கோச் வேண்டாம் என்பார்? அப்புறம் அவர் போகிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெல்சி பிளம் கல்லூரி ஆட்டங்களில் மொத்தம் 3,527 புள்ளிகளோடு அன்றைய சாதனையை வைத்துவிட்டுப் போன 2017 சீசனில் அந்த அணிக்கு 29 வெற்றி, 6 தோல்வி. அடுத்த வருடம் 7 வெற்றி, 23 தோல்வி. கோச் மைக் நெய்பர்ஸும், ரீபவுண்டுகளை (கூடையில் விழாமல் திரும்பும் பந்துகளை) அள்ளிய ஷான்டெல் ஒசஹோரும் அதே சமயம் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அது சரிவு இல்லை, பள்ளம். அயோவா அப்படி விழவில்லை, கிளார்க் போன மறு வருடமும் 23 ஆட்டம் ஜெயித்தது, ஸ்டுவெல்கி போன்றவர்கள் இருந்தார்கள்.

நான் கோச்சைக் குறை சொல்லும் இடம் ஒன்றுதான். கடைசிக் குவார்ட்டரில் 25 புள்ளி முன்னிலை, அப்போதும் நட்சத்திரம் களத்தில் நிற்பார். கூட்டம் அவரைப் பார்க்க வந்திருக்கிறது, ஏதாவது சாதனை பக்கத்தில் இருக்கிறது, காரணம் சுலபமாகக் கிடைக்கும். அந்த எட்டு நிமிடம் பெஞ்சில் இருக்கிற பெண்களுடையது. அவர்கள் தப்பு செய்து கற்றுக்கொள்ள சீசனில் வேறு நேரமே கிடையாது. அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டு மார்ச் மாதம் தேசியப் போட்டித்தொடரின் நெருக்கடியில், "நீயும் ஏதாவது செய்" என்றால் எப்படிச் செய்வாள்? இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

2025 தேசியப் போட்டித்தொடரில் யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு நடந்ததைப் பாருங்கள். ஜூஜு வாட்கின்ஸ், முதலாண்டிலேயே 920 புள்ளி எடுத்த பெண், மிசிசிப்பி ஸ்டேட்டுடன் ஆடும்போது முதல் குவார்ட்டரிலேயே முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து விழுந்தார். அரங்கமே வாயடைத்துப் போனது. அன்று கிகி இரியாஃபென் 36 புள்ளி எடுத்தார், யுஎஸ்சி 96-59 என்று ஜெயித்தது. அடுத்த சுற்றில் முதலாண்டுப் பெண்கள் தோள் கொடுத்து கான்சஸ் ஸ்டேட்டையும் தாண்டினார்கள். அதற்கு அடுத்து யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழக அணி) தோற்றார்கள், சரி. ஆனால் வாட்கின்ஸ் அணி என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அணியில் இத்தனை பேர் இருந்தது அவர் விழுந்த பிறகுதானே ஊருக்குத் தெரிந்தது.

அந்த யூகான்தான் கோப்பையையும் வாங்கியது. அதன் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ் அந்தப் போட்டித்தொடரில் மூன்று ஆட்டங்களில் வரிசையாக 34, 40, 31 என்று எடுத்து வந்தார். தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அரையிறுதியில் 16, இறுதியில் 17. அந்த இரண்டு ஆட்டத்தையும் அணி ஜெயித்தது 34 புள்ளி, 23 புள்ளி வித்தியாசத்தில். இறுதியில் அஸி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் 24 புள்ளியும் 15 ரீபவுண்டும். பெக்கர்ஸைத் தடுக்க எதிரணி எவ்வளவு ஆட்களை அனுப்பியதோ, அவ்வளவு இடம் மற்றவர்களுக்குத் திறந்தது. அந்த இடத்தில் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் மகள்.

"நான் எதுக்கு நிக்கிறேன்" என்று கேட்கிற பெண்ணுக்கு ஆட்டம் புரிய ஆரம்பித்துவிட்டது. பந்தைக் கொடுத்த பிறகு நிற்காமல் இருப்பதுதான் அவளுடைய ஆட்டம், அதை அவளிடம் சொல்லுங்கள். கொடுத்த கையோடு கூடையை நோக்கி வெட்டி ஓடட்டும், பந்து திரும்பி வராவிட்டாலும் ஓடட்டும். அவளைக் காவல் காக்கிற பெண் கூடவே ஓடித்தான் ஆக வேண்டும், அதனால் அந்த நட்சத்திரப் பெண்ணுக்கு ஒரு ஆள் குறைவு. அது முதல் வேலை. இரண்டாவது, பந்து திரும்பி வந்தால் தயங்காமல் போட வேண்டும். போட்டுத் தவறினால் திட்டு விழும் என்ற பயம் இருந்தால், நீங்களே ஒரு நாள் கோச்சிடம் தனியாகப் பேசுங்கள். புகாராக வேண்டாம். "முன்னிலையில் இருக்கும்போது இவளை நாலு நிமிடம் முடிவெடுக்க விடுவீர்களா" என்று மட்டும் கேளுங்கள். நல்ல கோச் என்றால் யோசிப்பார்.

அந்த இன்னொரு பெண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஒவ்வொரு ஆட்டத்தின் தோல்வியும் தன் தலையில் என்று சுமக்கிற பிள்ளை அவள். உங்கள் மகள் அடுத்த முறை வெட்டி ஓடும்போது முதலில் சந்தோஷப்படப் போவது அவளாகத்தான் இருக்கும்.

முடிந்தால் அந்த 2025 இறுதிப்போட்டியை இருவரும் சேர்ந்து பாருங்கள், பந்தைப் பார்க்காமல், பந்து இல்லாதபோது பெக்கர்ஸ் என்ன செய்கிறார் என்பதை மட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.