கோடு போட்டது யார்?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் சர்வதேசச் சட்ட அறிஞர்கள் அரசியலைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பேசினார்கள், அதனால்தான் அலபாமா வழக்கு போரில்லாமல் தீர்ந்தது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரிதானா?

பதில்: போரில்லாமல் தீர்ந்தது என்பது சரி. மற்றதில் கொஞ்சம் நில்லுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்காக இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்ட கப்பல் அலபாமா. 1862-ல் கிளம்பி, 1864-ல் பிரெஞ்சுக் கரையருகே மூழ்கடிக்கப்படும் வரை அறுபதுக்கும் மேற்பட்ட வடவர் கப்பல்களைப் பிடித்தது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இதைக் கட்ட விட்டீர்களே என்று வாஷிங்டன் நஷ்டஈடு கேட்டது. 1872-ல் ஜெனிவாவில் ஐந்து நடுவர்கள் விசாரித்து, பிரிட்டன் 1.55 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள், தந்தும் விட்டது. (பிரிட்டன் அனுப்பிய நடுவர் காக்பர்ன் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்.)

ஆனால் எந்தச் சட்டப்படி? நடுநிலை நாடு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்ற மூன்று விதிகளை, கப்பல் மூழ்கி ஏழு வருஷம் கழித்து 1871-ல் வாஷிங்டனில் இரு தரப்புத் தூதர்களும் பேரம் பேசி ஓர் ஒப்பந்தமாக எழுதினார்கள். சம்பவம் நடந்தபோது இவை சட்டமாக இருந்ததாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, நல்லுறவுக்காக இவற்றின்படியே தீர்ப்புச் சொல்லட்டும் என்று பிரிட்டன் அதே ஒப்பந்தத்தில் எழுதி வைத்தது. அப்புறம், போர் நீண்டதற்கான செலவையும் கொடு என்று அமெரிக்கா கேட்க, விசாரணையிலிருந்தே வெளியேறப் போவதாக பிரிட்டன் மிரட்ட, அந்தக் கோரிக்கை எங்கள் வரம்பில் வராது என்று நடுவர்களே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, எது சட்டப் பிரச்சினை, எது இல்லை என்று கோடு போட்டதே அரசியல்தான். 1903-ல் பிரிட்டனும் பிரான்சும் செய்த மத்தியஸ்த ஒப்பந்தத்தைப் பாருங்கள்: சட்டத் தகராறு எல்லாம் நடுவரிடம் போகலாம், நாட்டின் மானமும் உயிர்நிலை நலன்களும் சம்பந்தப்பட்டால் போகாது. எது அப்படிச் சம்பந்தப்பட்டது என்று முடிவு செய்வதும் அந்த நாடுகளேதான்.

உங்கள் பேராசிரியர் சொல்லும் அறிஞர்கள், 1873-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பதினொரு பேராகக் கூடிச் சர்வதேசச் சட்டக் கழகம் ஆரம்பித்தவர்களாக இருக்கும். நல்ல மனிதர்கள்தான், 1904-ல் அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. ஆனால் கூட்டத்தைக் கூட்டிய ரோலின்-ஜாக்மின்ஸ் 1878-ல் பெல்ஜியத்தின் உள்துறை அமைச்சர்! பிற்பாடு பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் ஆப்பிரிக்காவில் தன் சொந்த உடைமைபோல் ஆண்ட காங்கோவுக்கு வக்காலத்து வாங்கி எழுதியவரும் அவரே. அந்தக் காங்கோவுக்கு வழிவிட்ட 1884-85 பெர்லின் மாநாட்டில் பதினான்கு நாடுகள் உட்கார்ந்தன, ஆப்பிரிக்கர் ஒருவர் கூட இல்லை.

அடுத்த வகுப்புக்கு, அந்த மூன்று விதிகளும் பிரிட்டனின் மறுப்பும் இருக்கும் 1871 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவை எடுத்துக்கொண்டு போங்கள்.