உடல் அழற்சியும் ஊக்கக் குறைவும்: மருந்தாளரிடம் கேளுங்கள் (சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகள், அவரவர் வட்டாரப் பெயரோடு)

உட்லண்ட்ஸ்: எனக்கு முடக்குவாதம். வலி குறைந்த நாளிலும் எதையும் தொடங்கத் தோன்றுவதில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், அக்கா.

இது சோம்பல் இல்லை, தங்கச்சி. முடக்குவாதம் மூட்டுகளில் வரும் அழற்சி நோய். அழற்சி இருக்கும் உடலில் ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள், அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் சேதி அனுப்பும் புரதங்கள், கூடுகின்றன. அந்தச் சேதி ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. அங்கே டோபமைன் என்ற ரசாயனம் உருவாவது குறைகிறது. ஒரு காரியத்துக்காக எவ்வளவு பாடுபடலாம் என்று மூளை கணக்குப் போட உதவுவது டோபமைன்தான். அது குறைந்தால், பிடித்த வேலைக்குக்கூட எழுந்து போவது மலையாகத் தெரியும்.

முன்பு ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன். போட்டுக்கொண்டவர்களில் பலர் சில வாரங்களிலேயே களைத்து, மனம் சோர்ந்து போனார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்களா? வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் வலியோடு சோர்வையும் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தெம்பனீஸ்: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு 4 வந்திருக்கிறது. என் மந்தத்துக்கு அதுதான் காரணமா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சளி, ஈறு வீக்கம், உடல் பருமன் எதனாலும் ஏறும். பலதுறை மருந்தகத்தில் காட்டி, சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஈசூன்: மஞ்சள் மாத்திரை எடுக்கலாமா?

குழம்பில் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். மாத்திரை வேறு சங்கதி. அளவு பல மடங்கு, உடலில் ஏறுவதற்காக மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது.

புக்கிட் பாத்தோக்: தினமும் ஒரு இபுபுரோஃபென் வலி மாத்திரை எடுக்கலாமா?

வேண்டாம். வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

செங்காங்: என் அப்பா மூட்டு வீங்கியபடியே துறைமுகத்தில் வேலை பார்த்தார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்.

ஜூரோங்: அண்ணே, என் அப்பாவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதை யார் கணக்கில் வைத்தார்கள்?

செங்காங்: அப்படியென்றால் யாருமே சோம்பேறி இல்லையா? எல்லாம் அழற்சிதானா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். செங்காங் தம்பி, உங்கள் அப்பா வேலைக்குப் போனார் என்பதால் அது அவருக்கு எளிதாக இருந்தது என்று ஆகாது. அழற்சி மன உறுதியை அழிப்பதில்லை, ஒவ்வொரு அடிக்கும் விலையைக் கூட்டுகிறது. அந்த விலையை அவர் கொடுத்தார்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. எல்லாம் அழற்சி இல்லை. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்லிக்ஸிமாப், மீதிப் பேருக்கு மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து. மொத்தத்தில் மருந்தால் கூடுதல் பலன் இல்லை. சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் மருந்தின் பக்கம் முன்னேற்றம் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கோ வெற்று மருந்தே மேலாக இருந்தது. அதனால்தான் அழற்சி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தை விழுங்காதீர்கள் என்கிறேன்.

பொங்கோல்: மஞ்சளை மாத்திரையாக...

ஈசூனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிளமெண்டி: எனக்கு இரவுப் பணி. தூக்கம் காரணமாகுமா?

ஆகும். தூக்கம் குறைந்தால் ஐஎல்-6 ஏறக்கூடும். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

ஹவ்காங்: இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனையெல்லாம் அப்புறம். இப்போதே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். நாளை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.