பிள்ளைகளோடு கூடாரம்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, மகளுக்கு 7, மகனுக்கு 4. பினாங்கு தெலுக் பாஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாமா?

பதில்: தங்கலாம், முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். ஆனால் அங்குள்ள பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை நடந்து போவது இந்த வயதுக்கு வேண்டாம், ஒன்றரை மணி நேரம் ஏற்ற இறக்கம், பாதி வழியில் சின்னவன் உங்கள் தோளில்தான் இருப்பான். படகில் போங்கள். அங்கே கடலில் இறங்கக் கூடாது, இழுப்பும் உண்டு, ஜெல்லி மீனும் உண்டு. ஆமைக் காப்பகம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்தாலே அரை நாள் ஆமைக் கதை ஓடும்.

கேள்வி: விளையாட்டில் அக்காள் எப்போதும் ராணி, தம்பி நாய்க்குட்டி. கடைசியில் அழுகை. நான் தலையிடவா?

பதில்: முதலில் கவனியுங்கள். நாய்க்குட்டியாக இருப்பதே பிடித்த பிள்ளைகள் நிறைய, குரைத்துக்கொண்டே சந்தோஷமாகச் சுற்றும். அழுகிறான் என்றால் அவன் பேச்சு அங்கே எடுபடவில்லை என்று அர்த்தம். "மாறி மாறி ராணியாகுங்கள்" என்று நாம் போய் நாட்டாமை செய்தால் விளையாட்டே செத்துவிடும். அவன் இல்லாமல் கதை நகராதபடி ஒரு பொருளை அவன் கையில் கொடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் பாய்தான் பினாங்கு ஃபெர்ரி, பழுத்துச் சிவந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைதான் டிக்கெட், இலைக்கட்டு முழுக்கத் தம்பியிடம். தீவுக்குப் போகத்தான் டிக்கெட், திரும்பி வர டிக்கெட் வேண்டாம் என்று ராணியிடமே அவன் கறாராகப் பேசினான்! எட்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்புறம் டார்ச்லைட்டையும் அவனிடம் கொடுங்கள். பொம்மை எதுவும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், இரண்டு சாரோங், கொஞ்சம் கயிறு போதும்.

கேள்வி: நாங்கள் கேஎல் (கோலாலம்பூர்). உலு லங்காட் பக்கம் சுங்கை சொங்காக் ஆற்றில் வெயில் நாளில் ஆற்றோரமாகக் கூடாரம் போட்டால் பயமில்லையே?

பதில்: உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டியிருக்கலாம் தம்பி, கெப்பாலா ஆயர், அதாவது ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், அப்படித்தான் வரும். தண்ணீர் சட்டென்று கலங்கிச் சருகும் குச்சியும் அடித்து வந்தால், சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். கூடாரமும் மேட்டில்தான். கயிறு கட்டி "தாண்டினால் முதலை" என்று சொன்னால், திட்டுவதைவிட நன்றாகக் கேட்பார்கள், ஆனாலும் ஒரு பெரியவர் கண் தண்ணீர் மேலேயே இருக்க வேண்டும், கைப்பேசியில் இல்லை.

கேள்வி: குரங்குத் தொல்லைக்கு?

பதில்: கூடாரத்துக்குள் சாப்பாடே வைக்காதீர்கள், கிழித்துவிடும். இறுக்கமான டப்பாவில் போட்டுக் காருக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையோடு பிள்ளையைத் தனியாக நடக்கவும் விடாதீர்கள்.