லினக்ஸில் மானிட்டர் மோடுக்கு (காற்றில் போகும் வைஃபை பாக்கெட்டுகளை இணையாமலே கேட்கும் நிலைக்கு) சேனலைத் தேர்ந்தெடுப்பது டிரைவரா, நாமா? சேனல் 11 கேட்டால் "-16" என்று பிழை வருகிறதே?

பெரும்பாலும் ரெண்டு பேருமே இல்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூலான்0 (wlan0, வழக்கமான வைஃபை இடைமுகம்) தான். கேள்வியோடு ஊர் காரைக்குடி என்று போட்டிருக்கிறீர்கள். நீளமான செட்டிநாட்டு வீடு, முகப்பில் ரௌட்டர், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சிக்னல் செத்துப்போகிறது, அதற்குத்தான் இந்தத் தேடல் என்று வைத்துக்கொள்கிறேன். (சொந்த வீட்டு வைஃபையை அலசுவது பற்றித்தான் எழுதுகிறேன். ஹேக்கிங் வகுப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

சாதாரண அடாப்டரில் ரேடியோ ஒரு நேரத்தில் ஒரே சேனலில்தான் நிற்கும். டபிள்யூலான்0 ரௌட்டரோடு இணைந்திருந்தால் ஸ்டியரிங் அதன் கையில்தான், மான்0 (mon0, மானிட்டர் இடைமுகம்) பின்சீட்டில். நீங்கள் 11 கேட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் "-16", அதாவது "வேலையாக இருக்கிறேன்" என்று மறுக்கும். இணையாமல் சும்மா அப்பில் (இயக்கத்தில்) இருந்தாலும் இதே பதில்தான். ஓடுகிற இடைமுகங்கள் அத்தனையும் மானிட்டராக இருந்தால்தான் சேனல் உங்கள் கைக்கு வரும். மான்0 டவுனில் (நிறுத்தத்தில்) இருந்தாலும் -16 தான். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில், இணைப்புகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் டபிள்யூலான்0-வைத் தொடாதபடி விலக்குங்கள்; இல்லாவிட்டால் அது மறுபடி எழுப்பி ஸ்கேன் செய்து சேனலை மாற்றிவிடும். பிறகு டபிள்யூலான்0-வை டவுன் செய்து, மான்0-வை உருவாக்கி, அப் செய்து, கடைசியில் சேனல். யாருமே சொல்லாவிட்டால் வழக்கமாக முதல் சேனலில், 2412 மெகாஹெர்ட்சில் நிற்கும். "-22" வந்தால் அந்த சேனல் உங்கள் நாட்டுக் குறியீட்டில் மூடியிருக்கலாம். ஐஎன் (இந்தியா) என்று மாற்றிப் பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்சில் சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான், சிக்னலின் அகலமோ 20. அதனால் 5-இல் நின்றாலும் 6-இன் பீக்கன் (ரௌட்டர் தன்னை அறிவிக்க அடிக்கடி அனுப்பும் சிறு செய்தி) காதில் விழும். பிடித்த பாக்கெட்டோடு சேர்ந்து வரும் ரேடியோடேப் குறிப்பு சொல்வது நீங்கள் நிற்கும் சேனல். ரௌட்டரின் சேனல் பீக்கனுக்குள் இருக்கும். 5 கிகாஹெர்ட்சில் அகலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 5180 மெகாஹெர்ட்சுக்கு அகலம் 80, மையம் 5210. வெறும் 20-இல் நின்றால் பீக்கன் வரும், 80 அகலத்தில் போகும் டேட்டா வராது.

இவ்வளவும் பார்த்துவிட்டு ரிப்பீட்டர் வாங்கிவிடாதீர்கள். சிக்னலைத் தடுக்கும் செங்கல் சுவருக்கு அதைத்தான் தலையில் கட்டுகிறார்கள். ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் வாங்கியதையே அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வளவு முற்றத்தில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வாங்கி வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைத்து முகப்பிலிருந்து கேபிள் இழுங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடானாலும் கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.