ஸ்டென்ட் வைத்தாச்சு, பயம் மட்டும் போகவில்லை!

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது. எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, நடக்கலாம், படி ஏறலாம் என்கிறார் டாக்டர். ஆனால் இவர் மாடிக்கே வருவதில்லை, சும்மா சும்மா பி.பி. பார்க்கிறார். கவுன்சலிங் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா?" என்று கத்துகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பைத்தியமெல்லாம் இல்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, பயம் தனிக் கணக்கு. படி ஏறாவிட்டால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் ஏறாமலே இருந்தால் உடம்பு பழக்கம் விட்டுப்போய், அடுத்த முறை நாலு படிக்கே மூச்சு வாங்கும், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார். இந்தச் சுற்றை உடைக்கத்தான் சிகிச்சை.

சிபிடி என்கிற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையில் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்க்க வைப்பார்கள்: இன்று ஐந்து படி, அடுத்த வாரம் பத்து. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கத் தொடங்கிய 'ஆக்ட்' சிகிச்சையோ பயத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. "என் இதயம் நின்றுவிடும்" என்பதை "நின்றுவிடும் என்று ஓர் எண்ணம் வருகிறது" என்று சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள், அப்புறம் பயம் இருக்கும்போதே அவருக்குப் பிடித்த ஒன்றை, சந்தைக்குப் போவதோ பேத்தியைப் பள்ளியில் விடுவதோ, செய்ய வைப்பார்கள். 'ஆக்ட்' சொல்கிற 'மனம் வளைந்துகொடுப்பது' இதுதான், பயமே இல்லாமல் ஆவதல்ல.

பலன் இருக்கிறதா? ஸ்வீடனின் உப்சாலாவில் 362 இதய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு ஓராண்டில் 20 குழு அமர்வுகளாக சிபிடி கொடுத்தார்கள். 2011இல் வந்த முடிவில், சுமார் எட்டு ஆண்டுகளில் அவர்களுக்கு மறுபடி இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது மற்றவர்களைவிட 41 சதவீதம் குறைவு. ஆனால் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 2,481 பேரிடம் சிபிடியைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு குறைந்ததே தவிர, ஆயுள் கூடவில்லை. 'ஆக்ட்' பற்றி இதய நோயாளிகளிடம் நடந்தவை இன்னும் சிறிய ஆய்வுகள்தான். எனவே ஆயுளுக்காக இல்லாவிட்டாலும், இருக்கிற நாளை நிம்மதியாக வாழ்வதற்காகப் போகலாம் என்பேன்.

"பைத்தியமா" என்பவரிடம் கவுன்சலிங் என்று சொல்லாமல், இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று சொல்லி, உங்கள் இதய டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸுக்கு 14416 இலவச எண், தமிழில் பேசலாம். நீங்களும் கவனியுங்கள்: "அய்யோ, ஏறாதீங்க" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? புதிதாக நெஞ்சுவலி வந்தால் மட்டும் இதெல்லாம் கிடக்கட்டும், உடனே 108. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

கேள்வி: இதற்குத் தியானம் மட்டும் போதாதா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிலருக்கு நன்றாகவே உதவும். அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979இல் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்து இதயத் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பவராக இருந்தால் பயம் ஏறிவிடும், அவருக்கு நடந்துகொண்டே செய்யும் பயிற்சிதான் சரி.